சாகாத செல்லும் சாகிற ஆடும்

ஆட்டைப் பத்தி ஒரு பதிவு. பிரியாணிப் பதிவுன்னு நெனச்சு உள்ள வந்தவங்க மன்னிக்கணும் :-) உண்ணி, ஒட்டுண்ணி, ஆய்வகம்னு கொஞ்சம் அறிவியல் வாடை அடிக்கும். ஆனா கடைசியில் இது காசு சம்பந்தப்பட்ட விஷயம். யாரோட கால்நடை யாருக்கு முக்கியம் என்கிற விஷயம். அதனால பொறுமையா வாங்க.

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். நோய் வந்த ஒரு செம்மறியாட்டின் உடம்பில் இருந்து எடுத்த செல், ஆய்வகத்தில் சாகாமல் வாழ்ந்துக்கிட்டு இருக்கும். அந்த ஆடு செத்து மண்ணோடு மண்ணாகியிருக்கும். அதே ஊரில் அடுத்த கோடையிலும் அதே நோயில் ஆடுகள் சாகும். அந்தச் சாகாத செல்லை வச்சே சாகிற ஆட்டைக் காப்பாத்த முடியும் என்பது நாற்பது வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சுபோன சங்கதி. அப்புறமும் அந்த ஊசி போய்ச் சேர வேண்டிய பல ஊர்களுக்குப் போய்ச் சேரலை. இதுக்கு அறிவியல் பத்தலைன்னு சொல்றதை நான் ஒத்துக்கறதில்லை. ஆட்டுக்காரனுக்கு மதிப்பு பத்தலை, அவ்வளவுதான்.

இனி விவரமா.

நோய் என்ன நோய்?

நோயின் பேர் தைலீரியோசிஸ். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வர்ற கொடூரமான வகைக்குக் காரணம் தைலீரியா லெஸ்டோகார்டி என்கிற ஒட்டுண்ணி. மலேரியாக் கிருமிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு வச்சுக்கங்க. மலேரியாவைக் கொசு சுமக்குது, இதை உண்ணி சுமக்குது. ஹயலோமா அனடோலிகம் என்கிற உண்ணி. மாட்டுத் தொழுவத்துச் சுவர் இடுக்குல ஒளிஞ்சு கிடக்கிற ஜாதி. ஈராக், ஈரான், ஓமன், சூடான்னு வறண்ட பிரதேசங்கள்தான் இந்த நோயின் சொந்த ஊர். இந்தியாவிலும் பதிவாகியிருக்கு.

ஆட்டுக்கு என்ன ஆகும்? கடும் காய்ச்சல். தோள்பட்டைக்கு முன்னாடி இருக்கிற நிணநீர்க் கட்டி புடைச்சுக்கும். மேயாது, இளைக்கும், ரத்தம் சுண்டும், கண் வெளுக்கும், மஞ்சள் பூக்கும். அந்த மண்ணுக்குப் பழகாத ஆடுகளை வெளியில இருந்து வாங்கிட்டு வந்து விட்டா, மந்தையில் பெரும்பகுதி போயிடும்.

பேர்க் கதை ஒண்ணு சொல்லணும். முன்னாடி இதுக்கு தைலீரியா ஹிர்சின்னு பேர். ஹிர்சி என்றால் லத்தீன்ல வெள்ளாட்டோடது. சாகறது என்னமோ செம்மறிதான் அதிகம், பேர் மட்டும் வெள்ளாட்டுக்கு. 1981-ல் மொரெல், உய்லென்பெர்க் என்ற இரண்டு பேர், அல்ஜீரியாவில் வேலை பார்த்த லெஸ்டோகார் என்ற கால்நடை விஞ்ஞானியின் பேரை வச்சாங்க. தைலீரியா என்கிற குடும்பப் பேர் தென்னாப்பிரிக்காவில் வேலை செஞ்ச சுவிஸ்காரர் ஆர்னால்ட் தைலர் நினைவா 1907-ல் வச்சது. அவரை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி அவர் மகன் வருவார்.

செல் ஏன் சாகறதில்லை?

இங்கதான் எனக்குத் தலை சுத்தும்.

உண்ணி கடிக்கும்போது எச்சில் வழியா ஒட்டுண்ணி ஆட்டுக்குள்ள போகுது. போனதும் வெள்ளையணுவுக்குள் புகுந்துக்குது. வெள்ளையணுன்னா யாரு? உடம்பின் போலீஸ்காரன். திருடன் நேரா ஸ்டேஷனுக்குள்ள போய் உட்கார்ந்துக்கற மாதிரி. அதோட நிறுத்தாம அந்தப் போலீஸ்காரனுக்கு சாகாவரம் கொடுத்துடறான். வெள்ளையணு புற்றுநோய் செல் மாதிரி பிரிஞ்சுக்கிட்டே போகும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். உள்ள இருக்கிற ஒட்டுண்ணியும் கூடவே பிரியும். அது எப்படி ரெண்டு பக்கமும் சரியாப் பங்கு போகுதுன்னு 2010-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்துக்காரங்க, மாட்டைத் தாக்கும் தைலீரியா அனுலாட்டாவை வச்சுக் காட்டினாங்க. செல் பிரியும்போது குரோமோசோம்களை ரெண்டு பக்கமும் இழுக்க சில இழைகள் உண்டு. ஒட்டுண்ணி அந்த இழைகளையே பிடிச்சுக்கிட்டு, தானும் ரெண்டாப் பங்கு போட்டுக்குது. ஓசிப் பயணம்!

இதைவிடப் பெரிய ஆச்சரியம் இன்னொண்ணு. புபார்வாகோன் என்கிற மருந்தைப் போட்டு உள்ள இருக்கிற ஒட்டுண்ணியைக் கொன்னுட்டா, செல்லின் சாகாவரமும் போயிடும். பிரியறது நிக்கும். பழைய மாதிரி ஆகி, கொஞ்ச நாள்ல வழக்கமான சாவு சாகும். புற்றுநோய் மாதிரி ஒரு நிலைமை, ஆனா திரும்பி வர்ற வழி திறந்திருக்கு. புற்றுநோய் ஆராய்ச்சிக்காரங்க இந்த ஆட்டு, மாட்டு ஒட்டுண்ணி மேல கண்ணு வச்சிருக்கறதுக்கு இதுதான் காரணம்.

எல்லா தைலீரியாவும் இப்படிப் பண்ணாது. ஆட்டில் தைலீரியா ஓவிஸ்னு ஒண்ணு உண்டு, சாது. செல்லுக்கு சாகாவரம் கொடுக்கிற வித்தை தெரிஞ்சவங்களில் பேர் பெற்றவங்க மூணு பேர். ஆப்பிரிக்க மாட்டுக்கு பார்வா, ஆசிய மாட்டுக்கு அனுலாட்டா, ஆட்டுக்கு நம்ம லெஸ்டோகார்டி.

ஆய்வகத்தில் எப்படி வளர்க்கிறாங்க?

'செல் லைன்' என்று சொல்வாங்க. வரிசையா, தலைமுறை தலைமுறையா, ஒரே வேரில் இருந்து வளர்ற செல் கூட்டம். இதைத் தொடங்கறது ராக்கெட் விடற வேலை இல்லை. ஆனா பொறுமை வேணும்.

காய்ச்சல்ல இருக்கிற ஆட்டுக்குப் புடைச்ச நிணநீர்க் கட்டியில் ஊசி போட்டுக் கொஞ்சம் உறிஞ்சணும், இல்லேன்னா ரத்தம் எடுத்து அதுல இருந்து வெள்ளையணுக்களை மட்டும் பிரிக்கணும். ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து கீம்சா சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தா, வெள்ளையணுவுக்குள்ள நீலமாய்த் திட்டுத் திட்டா தெரியும். 'காக் நீலத் திட்டு'ன்னு பேர். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்ச அதே ராபர்ட் காக்தான். அந்தத் திட்டு தெரிஞ்சா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம்.

அப்புறம் அந்த செல்களை ஊட்டச்சத்து திரவம் ஊத்தின குடுவையில் போட்டு, கன்றுக்கருவின் சீரம் சேர்த்து, பாக்டீரியா வராம இருக்க பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்து, 37 டிகிரியில் கொஞ்சம் கரியமில வாயுவோட வைக்கணும். முதல் நாட்களில் ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும். பாதி செல் செத்து மிதக்கும். திரவத்தை மாத்தி, திரும்ப வச்சு, திரும்பப் பார்த்து... ஒரு நாள் குடுவை கலங்கும். கலங்கினா ரெண்டு அர்த்தம். ஒண்ணு பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்துடுச்சு, எல்லாம் போச்சு. இல்லேன்னா செல் பெருக ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டாவதுன்னா ஜெயம். அதுல ஒரு பங்கை எடுத்துப் புதுக் குடுவைக்கு மாத்தணும். அதுக்குப் பேர் 'பாசேஜ்'. பத்து, இருபது, ஐம்பது பாசேஜ். மிச்சத்தை திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைய வச்சுடலாம்.

கெட்டுப் போகாத தயிர் உறை மாதிரின்னு நெனச்சுக்கங்க. நேத்து உறையில் இருந்து இன்னிக்கு, இன்னிக்கு உறையில் இருந்து நாளைக்கு. கை சுத்தம் இல்லேன்னா மட்டும் கெட்டுப்போகும்.

உறை ஊசியான கதை

இந்த உறை ஊத்தற வேலைதான் தடுப்பூசிக்குக் கதவைத் திறந்துச்சு. ஒட்டுண்ணியை ஆட்டுக்குள்ள இல்லாம குடுவையிலேயே மாசக்கணக்கா, நூறு பாசேஜுக்கு மேல வளர்த்தா, அதோட குணம் மாறிடும். வீரியம் குறையும். தொத்தின செல்கள் திசுக்களை அரிச்சுக்கிட்டு உடம்பெல்லாம் பரவ சில நொதிகளைச் சுரக்கும். அந்த நொதிச் சுரப்பு பாசேஜ் ஏற ஏறக் குறையுதுன்னு 1990-களில் அனுலாட்டாவில் பார்த்தாங்க. பல் புடுங்கின பாம்பு. ஆனா உடம்போட காவல் படைக்கு அடையாளம் காட்ட அது போதும். இப்படி வளர்த்த செல்லையே ஊசியாப் போட்டா, பெருசா நோய் வராது, எதிர்ப்பு வந்துடும்.

இப்ப தைலர் மகன். மேக்ஸ் தைலர். மஞ்சள் காய்ச்சல் வைரஸை இதே மாதிரி வளர்ப்பில் மாத்தி மாத்திப் போட்டு வீரியம் குறைச்சு தடுப்பூசி செஞ்சதுக்கு 1951-ல் நோபல் வாங்கினார். அப்பன் பேர் ஒட்டுண்ணிக்கு, மகன் பேர் தடுப்பூசிக்கு. கதை எழுதினா நம்ப மாட்டோம் :-)

தைலீரியாவில் இது எப்ப ஆரம்பிச்சது? மாட்டின் அனுலாட்டாவை உடம்புக்கு வெளியே வளர்க்கலாம்னு 1945-ல் அன்றைய பாலஸ்தீனத்தில் இருந்த சூர் என்கிற விஞ்ஞானி 'நேச்சர்' இதழில் எழுதினார். 1970-ல் கென்யாவின் முகுகாவில் இருந்த குழு பார்வா தொத்தின மாட்டு செல் லைன்களை நிலையா வளர்த்துக் காட்டுச்சு. ஆட்டுக்கு வருவோம். ஹூஷ்மந்த்-ராத், ஹவா என்ற இருவர் 1973-ல் இந்த நோய் பத்தியும் ஹயலோமா உண்ணி அதைப் பரப்பறது பத்தியும் கட்டுரைகள் எழுதினாங்க. 1981-ல் ஈராக்கில் ஹவாவும் கூட்டாளிகளும், குடுவையில் வளர்த்த ஒட்டுண்ணியைக் கொண்டு செம்மறிகளுக்கு எதிர்ப்பு உண்டாக்கின சோதனையை வெளியிட்டாங்க. 1985-ல் ஹூஷ்மந்த்-ராத் ஆட்டுக்கான திசு வளர்ப்புத் தடுப்பூசி பத்தி எழுதினார்.

தேதிகளைப் பாருங்க. 1980-ல் ஈரான் - ஈராக் போர் ஆரம்பிச்சுடுச்சு. எட்டு வருஷம் ஓடின போர். அந்த நேரத்திலும் செம்மறிக்கு ஊசி செய்யற வேலை அந்தப் பகுதியில் நடந்திருக்கு. ஏழை நாடு, போர் நாடு, வசதி இல்லைன்னு யாரும் சாக்கு சொல்லிக்கிட்டு இருக்கலை. அதனாலதான் இன்னிக்கு 'முடியாது'ன்னு சொல்றவங்களைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் கோபம் வருது.

மாட்டுக்கு ஒரு நியாயம், ஆட்டுக்கு ஒரு நியாயம்

இந்தியாவைப் பார்ப்போம். பால் பெருக்கணும்னு ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பின மாடுகளைக் கொண்டு வந்தோம். நாட்டு மாடு தாங்கற அனுலாட்டாவை அதுங்க தாங்கலை. உடனே என்ன நடந்துச்சு? தேசியப் பால்வள வாரியம் தொடங்கின ஐதராபாத் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனம், இதே செல் லைன் முறையில் 'ரக்ஷாவாக்-டி' என்கிற தடுப்பூசியைக் கொண்டு வந்துச்சு. நல்ல விஷயம். கை தட்டணும். நம்ம நாட்டிலேயே இந்த வித்தை தெரிஞ்ச கைகள் இருக்குன்னு அதுல இருந்து தெரியுது.

மாட்டுக்கு ஏன் வந்தது? பாலுக்குக் கணக்கு இருக்கு. காலையிலும் சாயங்காலமும் லிட்டர் கணக்குல அளந்து, சங்கத்துல நோட்டுல எழுதி, பணம் கைமாறுது. ஒரு மாடு செத்தா எத்தனை லிட்டர் போச்சுன்னு நோட்டு சொல்லும். செம்மறிக்கு அந்த நோட்டு இல்லை. ஆடு செத்தா கீதாரி மனசுலதான் கணக்கு. ராத்திரிக்கு ஒரு வயல்ல கிடை போட்டு, விடிஞ்சா அடுத்த ஊர் போறவனை எந்தச் சங்கத்து நோட்டில் தேடறது?

2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் செம்மறி மட்டும் ஏழே கால் கோடிக்கு மேல. சரியாச் சொன்னா 7.4 கோடி. தமிழ்நாட்டில் 45 லட்சம். சின்ன எண்ணிக்கையா?

இங்க ஒண்ணு நேர்மையாச் சொல்லணும். தமிழ்நாட்டு ஆட்டுக்காரரைக் கேட்டா அவர் தைலீரியா பேரைச் சொல்ல மாட்டார். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, நீலநாக்கு, அம்மைன்னுதான் வரிசையாச் சொல்லுவார். அது சரிதான். தைலீரியா லெஸ்டோகார்டி நம்ம ஊர்ல முதல் எதிரின்னு நான் சொல்லலை. சூடானிலும் ஓமனிலும் ஈராக்கிலும் ஈரானிலும் இருக்கிற ஆட்டுக்காரருக்குத்தான் அது எதிரி. ஆனா இந்த வித்தை கையில் இருக்கிற நாடுகளில் நாமும் ஒண்ணு. அதனாலதான் இது நம்ம பேச்சும்கூட.

'அதெல்லாம் நடக்காதுங்க' கட்சி

இதைப் பேச ஆரம்பிச்சா நாலு பதில் ரெடியா வரும். ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

ஒண்ணு: மருந்துதான் இருக்கே, ஊசி எதுக்கு? புபார்வாகோன் நல்ல மருந்து. ஆனா சீக்கிரமே போடணும். நூறு ஆடு மேய்க்கிறவர் எந்த ஆட்டுக்கு இன்னிக்குக் காய்ச்சல்னு தெர்மாமீட்டர் வச்சுக்கிட்டா சுத்துவார்? விலையும் ஏழைக்குக் கட்டாது. இதுல துனீசியாவிலும் ஈரானிலும் மாட்டின் அனுலாட்டா இந்த மருந்துக்கே டிமிக்கி கொடுக்க ஆரம்பிச்சதை விஞ்ஞானிகள் பதிவு பண்ணியிருக்காங்க. ஒரே ஒரு மருந்தை நம்பி நிக்கிறது ஒத்தைக் கயித்துல நடக்கிற மாதிரி.

ரெண்டு: உண்ணியை ஒழிச்சா போதும். ஒழிச்ச ஊர் எது? மருந்துத் தண்ணியில் ஆட்டை முக்கி எடுக்கறது உபயோகமானதுதான், வேண்டாம்னு சொல்லலை. ஆனா சுவர் இடுக்குல இருக்கிற உண்ணியை யார் முக்கறது? போட்ட மருந்துக்கே பழகிப்போற உண்ணி வேற. உண்ணி மருந்தும் வேணும், தடுப்பூசியும் வேணும்.

மூணு: திரவ நைட்ரஜனில் வச்சு எடுத்துட்டுப் போகணும், உருக்கின கொஞ்ச நேரத்துல போட்டாகணும், குக்கிராமத்துல அது நடக்குமா? இந்தக் கேள்வியைக் கேக்கறவங்க பக்கத்துல இருக்கிற கால்நடை மருந்தகத்துக்கு ஒரு நடை போய்ப் பார்க்கணும். அங்க ஒரு அலுமினிய கேன் இருக்கும். மூடியைத் திறந்தா வெள்ளைப் புகை வரும். அது என்னன்னு நெனச்சீங்க? திரவ நைட்ரஜன்தான்! மாட்டுக்கு சினை ஊசி போட உறைவிந்தை அதுலதான் வச்சிருக்காங்க. மாட்டோட சினைக்காக நைட்ரஜன் கிராமத்துக்கு வருது. ஆட்டோட உசுருக்குன்னா மட்டும் வராதா? செலவு இல்லைன்னு சொல்லலை. வழி இல்லைங்கறது மட்டும் பொய்.

நாலு: இது பழைய காலத்து முறை, உயிருள்ள ஒட்டுண்ணியைப் போடறது ஆபத்து, புது முறை வரும்வரை பொறுங்க. இதுலதான் கொஞ்சம் நியாயம் இருக்கு. செல் லைனில் வேற வைரஸ் ஒட்டிக்கிட்டு வரலாம். கன்றுக்கருச் சீரம் வழியாவே அந்த ஆபத்து உண்டு. பாசேஜ் பத்தாம அவசரப்பட்டா வீரியம் குறையாம நோயே வந்துடும். அதனால சோதனை கறாரா இருக்கணும். ஆனா 'பொறுங்க' என்கிற வார்த்தைக்கு மட்டும் மறுப்பு இருக்கு. அனுலாட்டா, பார்வா ரெண்டோட முழு மரபணு வரிசையும 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தாச்சு. புதுமுறைத் தடுப்பூசி இதோ, இதோன்னு அப்ப இருந்து சொல்லிக்கிட்டு இருக்காங்க. இன்னிக்கும் மாட்டு அனுலாட்டாவுக்கு நடைமுறையில் கை கொடுக்கறது அந்தப் பழைய குடுவை ஊசிதான். புது பஸ் வரட்டும், வரவேற்போம். அதுவரைக்கும் இருக்கிற டவுன் பஸ்ஸை ஏன் நிறுத்தணும்?

இதுல ஒரு உபரித் தகவல். 1999-ல் வந்த ஆய்வு ஒண்ணுல, மாட்டு ஒட்டுண்ணியான அனுலாட்டா ஆட்டுக்குள்ளயும் லேசாத் தொத்தும், அப்படித் தொத்தின ஆடுகள் பிறகு லெஸ்டோகார்டி வந்தபோது அதோட கடுமையான பாதிப்பில் இருந்து தப்பிச்சதுன்னு காட்டினாங்க. ரெண்டும் அவ்வளவு நெருங்கின சொந்தம். அப்ப மாட்டு ஊசி செய்யற இடங்கள் ஆட்டைப் பத்தியும் யோசிக்க அடிப்படை இருக்கு இல்லையா? அப்படியே தூக்கி ஆட்டுக்குப் போடுங்கன்னு சொல்ல வரலை. சோதிச்சுப் பாருங்கன்னு சொல்றேன்.

செல் யாரோடது?

கடைசியா ஒரு கேள்வி. எனக்கு இதுதான் முக்கியம்.

சாகாத செல்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது 'ஹீலா'. 1951-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்கிற கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியில் இருந்து, அவரைக் கேக்காமலே எடுத்தது. அந்த செல்லை வச்சு உலகம் எவ்வளவோ சம்பாதிச்சது. குடும்பத்துக்கு ஒண்ணும் வரலை. தெர்மோ ஃபிஷர் நிறுவனம் அந்தக் குடும்பத்தோட சமரசத்துக்கு வந்தது 2023 ஆகஸ்டில். எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஆட்டையும் மனுஷியையும் ஒண்ணா வைக்கறேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. ஆட்டுக்கிட்ட சம்மதம் கேக்கச் சொல்லலை. ஆட்டுக்காரர்னு ஒருத்தர் இருக்காரே, அவரைச் சொல்றேன். காய்ச்சல்ல இருக்கிற ஆட்டைப் பிடிச்சுக் கொடுக்கறவர் அவர். ஊசி குத்தும்போது கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறவர் அவர். அந்த செல் குளிர் நாட்டு ஆய்வகத்துக்குப் போய், அதை வச்சுக் கட்டுரை வரும், பட்டம் வரும், புற்றுநோய்க்குப் புது வெளிச்சம்கூட வரும். வரட்டும், நல்லது. ஆனா அந்த மந்தைக்கு என்ன வந்துச்சு? ஒரு நாட்டின் உயிர்வளத்தை எடுத்தா பலனைப் பங்கு போடணும்னு நகோயா உடன்படிக்கை 2014 முதல் அமலில் இருக்கு. அது அரசாங்கங்களுக்கு நடுவில் இருக்கிற காகிதம். மந்தை வரைக்கும் அந்தப் பங்கு இறங்கி வந்தாத்தான் அதுக்கு அர்த்தம்.

இன்னொரு பயமும் இருக்கு. சாகாத செல்னு சொல்றோமே, அது நைட்ரஜன் இருக்கிற வரைக்கும்தான் சாகாது. 2023 ஏப்ரலில் சூடானில் போர் வெடிச்சது. கார்ட்டூமில் இருந்த தேசியப் பொதுச் சுகாதார ஆய்வகத்தை ஆயுதம் தாங்கினவங்க பிடிச்சுக்கிட்டதா உலக சுகாதார நிறுவனமே சொல்லுச்சு. அது மனுஷ நோய் ஆய்வகம். அதுக்கே அந்த கதின்னா, ஒரே ஒரு ஊரில், ஒரே ஒரு கேனில் வச்சிருக்கிற எந்த செல் லைனுக்கும் என்ன உத்தரவாதம்? நைட்ரஜன் ஊத்த ஆள் வராத வாரங்கள் தொடர்ந்தா, வருஷக்கணக்கா உறை ஊத்தி வளர்த்தது தண்ணியாப் போயிடும்.

அதனால என் கட்சி இதுதான்.

ஆட்டில் இருந்து செல் லைன் எடுக்கிற ஒவ்வொரு ஆய்வும், அதோட ஒரு பங்கை எடுத்த நாட்டிலேயும், இன்னொரு பங்கை பத்திரமான வேறொரு நாட்டிலேயும் உறைய வைக்கணும். எந்த ஊர், எந்த மந்தை, எந்த வருஷம்னு பதிவு கூடவே போகணும். வெளிநாட்டுப் பணத்துல நடக்கிற ஆய்வா இருந்தா, குடுவையில் உறை ஊத்தற வேலையை உள்ளூர்ப் பிள்ளைங்களுக்குக் கத்துக்கொடுத்துட்டுத்தான் பெட்டியைக் கட்டணும். மாட்டு ஊசி செய்யத் தெரிஞ்ச நாடுகள், நாமும் சேர்த்துத்தான், ஆட்டு ஊசியை ஒரு பக்க வேலையாவாவது எடுத்துக்கணும். நோய் இருக்கிற நாடுகள் கூடிச் செலவைப் பங்கு போட்டுக்கிட்டா யாருக்கும் சுமையாத் தெரியாது.

பசுவை லட்சுமின்னு கும்பிடறோம், சந்தோஷம். செம்மறி யாருக்கும் லட்சுமி இல்லை. பொண்ணு கல்யாணத்துக்கு, பையன் காலேஜ் ஃபீஸுக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு விக்கறதுக்கு நாலு கால்ல நிக்கிற சேமிப்பு அது. சூடான் பாலைவனத்திலும் அதேதான், ராமநாதபுரத்துக் கரிசலிலும் அதேதான். அந்தச் சேமிப்புக்கு ஒரு காவல் இருக்கு, அது எப்படிச் செய்யறதுன்னும் தெரியும், செஞ்சும் காட்டியிருக்காங்க. கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் பாக்கி.

கால்நடை மருத்துவம் படிச்சவங்க, ஆடு வளர்க்கிறவங்க யாராவது இதைப் படிச்சா உங்க அனுபவத்தையும் எழுதுங்க. மாற்றுக் கருத்து இருந்தாலும் சரி, கும்மியடிங்க, வாங்கிக்கறேன் :-)

டிஸ்கி: இந்தப் பதிவு எழுதும்போது எந்த ஆடும் துன்புறுத்தப்படலை. ஞாயித்துக்கிழமை மெனு பத்தி மட்டும் தயவுசெஞ்சு யாரும் கேக்காதீங்க.